14 நாள் தண்ணி... 3 நாளில் லாரி! ஹாலோ பிளாக் கல் தாங்குமா?

செங்கல் விலைக்கு பயந்து ஹாலோ பிளாக் கல்லில் வீடு கட்டுபவர்கள் ஏராளம். ஆனால் சில பட்டறைகளில் கல் இறுகும் முன்பே லாரி ஏறிவிடுகிறது.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2185 விதிப்படி, கல்லை குறைந்தது 14 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். 8 கல்லை மிஷினில் நசுக்கி பலம் பார்க்க வேண்டும்.

சின்ன பட்டறைக்காரர் என்ன செய்வார்? களத்தில் இடமில்லை. போட்ட முதல் முடங்குது. சோதனை மிஷின் வாங்க வசதியில்லை. அதிகாரிகள் மிரட்டினால் மட்டும் கல் கெட்டியாகிவிடாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கான ஆண்டு குறைந்தபட்ச கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80 சதவீத சலுகை உண்டு. எத்தனை பட்டறைக்கு இது தெரியும்? மாவட்ட தொழில் மையம் முகாம் போட்டு சொல்லணும். பக்கத்து பாலிடெக்னிக் மிஷினில் குறைந்த செலவில் சோதிக்க வழி செய்யணும். இல்லாவிட்டால், கடன் வாங்கி வீடு கட்டுபவர் தலையில்தான் விடியும்.