பழுப்பேறும் சவுக்கு வேலி

வீட்டிற்கும் தறிக்கொட்டகைக்கும் மறைப்பாகச் சவுக்கை நெருக்கி நட்டு, தலையை வெட்டிவெட்டிப் பச்சைச் சுவர்போல் வளர்ப்பது நம் அங்கத்தினர் பலருக்கு வழக்கமாகிவிட்டது. தெருவின் பார்வையை அது மறைக்கிறது, காற்றை அடக்குகிறது, செங்கற்சுவரை நோக்கச் செலவும் சொற்பம். ஆனால், சில ஆண்டுகள் செழித்து நின்ற வேலி பழுப்பேறத் தொடங்கினால் நடப்பது என்ன? ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு பலர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். கடைக்காரர் கொடுத்ததை வாங்கித் தெளிக்கிறார்கள். அது பலிக்காவிட்டால், அடுத்த வீட்டார் எதையோ ஊற்றிவிட்டார் என்று மனத்தாங்கல் கொள்கிறார்கள். காசும் போகிறது, உறவும் போகிறது, வேலியோ பிழைப்பதில்லை. பழுப்பு என்பது நோயன்று, நோயின் அடையாளமே என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். காரணம் அறியாமல் மருந்து தெளிப்பது கூடாதென்பதே நமது உறுதியான அபிப்பிராயம்.

காரணத்தை அறியப் பெரிய சாஸ்திரம் எதுவும் தேவையில்லை. பொறுமையான கண்ணும், ஒரு சிறு கத்தியும், ஒரு மண்வெட்டியும் போதும்.

முதலில், பழுப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சவுக்கின் பச்சை ஊசியை நாம் இலை என்கிறோம். உண்மையில் அது கணுக்கணுவாக அமைந்த மெல்லிய சிறு கொப்பு. இலைகளோ ஒவ்வொரு கணுவிலும் பல்லைப் போன்ற செதில்களாக ஒடுங்கியிருக்கின்றன. முதிர்ந்த ஊசிகள் பழுத்து உதிர்வது இயற்கை. வெளிப்புறம் பசுமையாயிருந்து, வெயில் புகாத உட்புறம் மட்டும் பழுத்திருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால், அந்தப் பசுமையைத் தாண்டி முற்றிய கட்டை வரை வெட்டிவிட்டால், அவ்விடம் எளிதில் மீண்டும் தழைக்காது. கத்திரிப்பு என்றும் பச்சைக்குள்ளேயே நிற்க வேண்டும்.

அடுத்து, வரிசை முழுவதையும் நோக்க வேண்டும். எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நுனியிலிருந்து காய்ந்தால், நீரிலோ மண்ணிலோ குறை உண்டு. ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தால், அப்பக்கத்தில் குப்பை எரித்தார்களா, களைக்கொல்லி தெளித்தார்களா என்று விசாரிக்க வேண்டும். ஒரு மரம் பட்டு, சில மாதங்களில் அதன் இரு புறத்து மரங்களும் பட்டு, இவ்வாறு வரிசையிலே பரவினால், அது வேர் வழியே செல்லும் தொற்றுநோய் என்று ஐயுற இடமுண்டு.

மூன்றாவதாக, மரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கத்தி முனையால் பட்டையைச் சிறிது சுரண்டினால், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. பழுப்பாய் உலர்ந்திருந்தால் அப்பகுதி மாண்டது. பட்டையிற் கொப்புளங்கள் எழும்பி, அவை வெடித்துக் கரிப்பொடி போன்ற தூள் வெளிப்பட்டால், அது பட்டைக் கொப்புள நோய். பூஞ்சணத்தால் வருவது, முற்றிய மரத்தை மருந்தால் மீட்க இயலாது. அடிமரத்தில் பலகைபோல் காளான் முளைத்திருந்தால் வேரழுகலின் அடையாளம். தஞ்சாவூர் வாடல் நோயில் தென்னையின் அடியிற் கண்ட காளானைத் தோப்புக்காரர் மறந்திருக்க மாட்டார். அந்த இனமே சவுக்கையும் தாக்குவதுண்டு. தண்டின் மேல் மரத்தூளும் எச்சமும் கலந்து நூலாம்படைபோல் பின்னியிருந்தால், பட்டை தின்னும் புழுவின் வேலை. இதற்குப் பரிகாரம் எளிது: அதை வழித்தெடுத்து, துளையைக் கண்டு, கம்பியால் புழுவைக் குத்தி, களிமண்ணால் அடைத்துவிடலாம்.

கடைசியாக, தரையைத் தோண்டிப் பார்க்க வேண்டும். இதைத்தான் எவரும் செய்வதில்லை. நாற்றின் பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமலே நட்டிருந்தால், வேர் உள்ளேயே சுருண்டு பின்னாளில் மரத்தைக் கொல்லும். சுற்றுச்சுவருக்கு வாணம் தோண்டியபோது வேர் அறுபட்டிருக்கலாம். தரையை உயர்த்த மண் கொட்டியதில் அடிமரம் புதைந்திருக்கலாம். மரம் உடனே சொல்லாது. வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் பழுக்கும். ஆகையால், நேற்று நடந்ததை விட்டுச் சென்ற பருவத்தில் நடந்ததை நினைவுகூர வேண்டும்.

நெசவாள அங்கத்தினருக்கு ஒரு வார்த்தை. சாயத்தொட்டியின் கழிவுநீரை வேலிக்காலில் விடுவதை நிறுத்த வேண்டும். சவுக்கு கடற்கரை மரம், உப்பைத் தாங்கும் என்பது மெய்யே. ஆயினும், நாட்கணக்கில் தேங்கும் நீரை அதன் வேர் பொறுப்பதில்லை. சாய உப்பும் மண்ணிலே ஏறிக்கொண்டே போகும். வேலியோடு கிணறும் கெடும். 2011-ஆம் ஆண்டில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட வரலாறு நம் தொழிலுக்கு ஒரு பாடமன்றோ?

இவையெல்லாம் தனி ஒருவரின் காரியம் என்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. எல்லைக் கல் மனிதருக்குத்தான். வேருக்கு அது தெரியாது. பட்ட மரத்தை மறைப்புக்காக நிற்க விடுகிறவர், அடுத்தவர் வேலிக்கும் நோயை அனுப்புகிறார். ஆதலால் தொற்றுநோய் கண்ட மரத்தை வேரோடு அகற்றி எரிக்க வேண்டும். நல்ல மரங்களின் வேர் தொடாதபடி இடையே பள்ளம் வெட்ட வேண்டும். அதே குழியில் அதே மரத்தை நடலாகாது. நிச்சயம் தெரியாதபோது வேளாண் அறிவியல் நிலையத்திற்கோ, கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்திற்கோ பட்டை, வேர், மண் ஆகியவற்றின் மாதிரியைக் கொண்டு சென்று காட்ட வேண்டும். இப்பொறுப்பைத் தனி அங்கத்தினர் மேல் சுமத்தாமல் சங்கமே ஏற்பது முறை.

மற்றொன்றும் உண்டு. ஒரே தாய்மரத்தின் வெட்டுத் துண்டுகளிலிருந்து வளர்த்த நாற்றுக்களால் வரிசை முழுவதையும் நிரப்பினால், அழகாக ஒன்றுபோல் வளரும். நோய் வந்தால் ஒன்றுபோல் மடியவும் கூடும். இடையிடையே ஆடாதோடை, நொச்சி, கொடுக்காப்புளி ஆகியவற்றையும் கலந்து வைத்தால், ஒன்று போனாலும் மறைப்பு முழுவதும் போகாது.

மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு கிராமத்திலும் அங்கத்தினர் சிலர் கூடி, வேலிகளை ஒரு முறை சுற்றிப் பார்த்துக் குறிப்பெழுதும் ஏற்பாட்டைச் சங்கங்கள் செய்ய வேண்டும். அதற்கு ஒரு காலைப் பொழுது போதும். மருந்துக்கு வீணாகும் பணம் மிஞ்சும். அண்டை வீட்டாரோடு வீண் பகையும் நேராது.