ஏனாவோட மகன் பேரு என்ன?

நேத்து ராத்திரி பில்டு முடியறதுக்காக உட்கார்ந்திருந்தப்ப, போன்ல ஒரு அமெரிக்கக் குறுக்கெழுத்து. மூணு எழுத்து. க்ளூ: 'பேம்பியின் ஆன்ட்டி'. யோசிக்காம ஈ, என், ஏன்னு தட்டினேன். ஏனா. இதே கேள்விக்கு இதே பதிலை எத்தனை வாட்டி தட்டியிருக்கேன்னு கணக்கே இல்ல. எரிச்சலா வந்துச்சு. அதான் இந்தப் பதிவு.

கட்டம் போடறவங்க கஷ்டம் புரியுது மக்களே. அமெரிக்கக் கட்டத்துல ஒவ்வொரு எழுத்தும் குறுக்கேயும் நெடுக்கேயும் பொருந்தணும். 15-க்கு 15 கட்டத்தை அடைக்கணும்னா உயிரெழுத்து நிறைஞ்ச குட்டி வார்த்தைதான் தங்கம். அதனாலதான் கங்காரு குட்டி ரூ, மலைப்பாம்பு கா, பீட்டர் பான் கதை நாய் நானா எல்லாம் அங்க வரிசையா நிக்குது. நிக்கட்டும். என் சண்டை விடையோட இல்ல, க்ளூவோட.

ஏனா யாரு? ஃபெலிக்ஸ் சால்ட்டன் எழுதி 1923-ல் புத்தகமா வந்த நாவல்ல வர்ற பெண்மான். (ஆன்ட்டின்னா அத்தையா, சித்தியா? வளர்ந்தப்புறம் பேம்பி காதலிக்கிறது ஏனா பொண்ணு ஃபாலினை. அதனால அத்தைன்னே வெச்சுக்கறேன் :-))

அவளுக்கு ஒரு மகனும் உண்டு. கோபோ. நோஞ்சான் குட்டி. பனிக்காலத்துல நடந்த ஒரு வேட்டைல ஓட முடியாம விழுந்துடறான். செத்துட்டான்னே எல்லாரும் நம்பறாங்க. ஆனா ஒரு மனுஷன் எடுத்துட்டுப் போய் வளர்க்கறான். கொஞ்ச காலம் கழிச்சு கழுத்துல ஒரு பட்டையோட, பெருமையா திரும்பி வர்றான் கோபோ. மனுஷங்க நல்லவங்க, என்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு சொல்லிக்கிட்டுத் திரியறான். யார் சொல்லியும் கேக்காம புல்வெளிக்குப் போறான். சுட்டுடறாங்க.

எழுதின சால்ட்டன் வியன்னாவுல வாழ்ந்த யூதர். 1936-ல் நாஜி ஜெர்மனி இந்தப் புத்தகத்தைத் தடை செஞ்சது. அது தெரிஞ்சப்புறம் கோபோவைப் படிச்சா வயித்தைக் கலக்குது. 1942-ல் வந்த டிஸ்னி படத்துல கோபோவே கிடையாது. க்ளூ எழுதறவங்களுக்கும் கிடையாது. 'கோபோவின் அம்மா'ன்னு போட்டா என்னங்க குறைஞ்சு போகும்? அதே மூணு எழுத்துதானே?

காவுக்கும் இதே கதி. ஒரு தடவை வில்லன் பாம்புன்னு க்ளூ பார்த்தேன். அது 1967 டிஸ்னி படம். கிப்ளிங்கோட 1894 புத்தகத்துல, குரங்குங்க தூக்கிட்டுப் போன மௌக்லியை மீட்க பாலூ, பகீராவோட போறதே இந்த காதான்!

"எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரிதானே க்ளூ போட முடியும், விடு"ன்னார் டீம்ல ஒருத்தர். அப்படியா? பேம்பியோட அத்தை பேரு யாருக்குங்க தெரிஞ்சிருந்தது? நாம அதைக் கத்துக்கிட்டதே குறுக்கெழுத்துலதான், புத்தகத்தைத் திறக்காமலே. கத்துக்கொடுக்கறது கட்டம்தான்னா, அந்த ஒரு வரியை உருப்படியா கத்துக்கொடுக்கலாமே.

நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல. வருஷக்கணக்கா ஏனாவை நிரப்பிட்டு, போன மாசம்தான் நாவலையே படிச்சேன்.

டிஸ்கி: கோபோவும் இங்கிலீஷ்ல நாலே எழுத்து, அதுல ரெண்டு உயிரெழுத்து. கட்டம் போடறவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு மூலைல இடம் கொடுங்கப்பா.