நண்டு கலைக்க முந்தி

மணற்கல் என்றால் நம்மில் பலருக்குப் பரீட்சைக்குப் பாடமாக்கின ஒரு சொல், அவ்வளவுதான். ஆனா ஒவ்வொரு மணற்கல்லும் ஒரு காலத்துல ஆற்றுப்படுக்கையாகவோ கடற்கரையாகவோ பாலைவனமாகவோ கடலடியாகவோ கிடந்த மணல். எது என்று கண்டுபிடிக்க மணியின் பருமனைப் பார்க்கிறாங்க, படை எப்படிச் சாய்ஞ்சிருக்கு என்று பார்க்கிறாங்க. எனக்குப் பிடிச்சது மூன்றாவது வழி: உயிரின் உடம்பு இல்ல, அது தோண்டின வளை கல்லாகிக் கிடக்கிறது.

பெரியநீலாவணைக் கரையில ஓடித்திரியுற வெள்ளை நண்டு அலை ஏறாத காய்ஞ்ச மணலிலதான் வளை தோண்டும். அந்த மாதிரி வளை கல்லில கிடைச்சா, கடல் விளிம்பு பக்கத்தில இருந்திருக்கு. அலை புரட்டுற மணலில உயிர்கள் நேர்குத்தா இறங்கும். அமைதியான ஆழத்தில படுக்கையா மேய்ஞ்சு போகும். ஜெர்மானியர் அடோல்ப் சைலாக்கர் 1960களில இதை ஒழுங்குபடுத்திக் காட்டினார்.

இப்ப நம்ம கதைக்கு வாறன். 2004 டிசம்பர் 26 கடல் ஊருக்குள்ள மணலையும் கொண்டுவந்தது. சுனாமி மணல் உள்ளே போகப் போக மெல்லிசாகும், மணியும் சிறுத்துப் போகும். கடலின் நுண்ணிய ஓடுகள் அதுக்குள்ள இருக்கும். ஹம்பாந்தோட்டைக் கரகன் லேவாயாவில் சேற்றுக்கு நடுவே இப்படி மணல் படைகளைத் துளைத்தெடுத்துத்தான், ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தியும் சுனாமி வந்ததை ஆய்வாளர்கள் சொன்னாங்க. அந்த ஆய்வு 2014இல வெளிவந்தது. அங்க காலத்தைக் கணிக்க வேண்டியிருந்தது. நம்ம படைக்கு நாளே தெரியும். பழைய படைகளை ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எது?

ஆனா அது அழியுது. வெளி மணலில நண்டும் புழுவும் வேரும் படையைக் கிளறிக் கலக்கும். சேறு கட்டின தோணாப் பக்கம், தாழ்ந்த வயல் ஓரம் போன்ற இடங்களிலதான் தப்பியிருக்க வாய்ப்பு. அங்கேயும் கிரவல் கொட்டி நிரப்பி மதில் கட்டுறோம்.

"மௌத்தானவங்கட மண்ணைத் தோண்டி என்ன படிக்கப் போறீங்க?" என்று சிலர் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். மையவாடிப் பக்கம் யாரும் போகத் தேவையில்ல. தோணா ஓரத்தில ஒரு குழாயை இறக்கி எடுத்தாப் போதும். சம்மாந்துறையில தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கு, நம்ம பாடசாலைகளில விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் இருக்காங்க. நிரப்பாத துண்டு நிலம் எங்கெங்க மிச்சம் என்ற வரைபடத்தை இந்த வருஷமே போடத் தொடங்கலாம்.