எரியாத விளக்குச் சரம்

சென்ற நத்தாருக்கு முதல் நாள் மாலை, மொனராகலைக்கு அருகே இறப்பர்த் தோட்டமொன்றில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். லயத்தின் முன்வாசலில் பாலன் குடில் தயாராக இருந்தது. வைக்கோல், பாசி, களிமண் ஆடுகள் எல்லாம் அதனதன் இடத்தில். சுற்றிக் கட்டிய விளக்குச் சரம் மட்டும் எரியவில்லை. வீட்டுப் பையன் ஈரத் தரையில் வெறுங்காலோடு குந்தியிருந்து, குமிழ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். பிளக் சுவரில் அப்படியே இருந்தது.

"பிளக்கைக் கழற்றிவிட்டுப் பார் தம்பி" என்றேன்.

"இது பன்னெண்டு வோல்ட்டு பல்பு மாமா, ஒன்னும் செய்யாது" என்றான்.

நானும் என் வயதுக்காரர் பலரும் இதே நம்பிக்கையோடுதான் வெசாக் கூடும் நத்தார் நட்சத்திரமும் கட்டி வளர்ந்தோம். அது தவறான நம்பிக்கை. 230 வோல்ட்டை வரிசையாக இணைத்த 20 குமிழ்கள் பங்கிட்டுக்கொள்ளும்போது ஒவ்வொன்றுக்கும் 11.5 வோல்ட் கிடைக்கிறது. ஆனால் இந்தப் பங்கீடு மின்னோட்டம் இருக்கும்வரைதான். ஒரு குமிழ் செத்துவிட்டால் ஓட்டம் நின்றுவிடும், பங்கீடும் இல்லை. அறுந்த இடத்தின் ஒரு பக்கத்தில் முழு 230 வோல்ட்டும் காத்திருக்கும். வெற்று ஹோல்டருக்குள் விரல் பட்டால், வெறுங்காலும் ஈரத் தரையும் மீதிப் பாதையைப் போட்டுக் கொடுத்துவிடும். எரிகிற சரத்தைவிட எரியாத சரத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

சரத்திலுள்ள சிறிய சுவிட்சை அணைத்தாலும் போதாது. இரண்டு கால் பிளக்கை எப்படியும் திருப்பிச் செருகலாம். (மூன்று துளைச் சொக்கட்டின் மேல் துளையில் பேனா மூடியைக் குத்தி அதைச் செருகும் வித்தையை நம் வீடுகளில் யார் அறியார்?) திருப்பிச் செருகியிருந்தால், சுவிட்ச் அணைந்த பிறகும் சரம் முழுவதும் மின்சாரம் இருக்கும். ஆகவே முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. பிறகு சரத்தை உலர்ந்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சொக்கட்டில் மின்சாரம் வருகிறதா என்பதை வேறொரு விளக்கைச் செருகிப் பார்த்துக்கொள்ளலாம். நல்ல குமிழொன்றை ஒவ்வொரு ஹோல்டரிலும் மாற்றிப் பார்க்கும் பழைய முறை, ஒரு குமிழ் மட்டும் பழுதாகியிருந்தால் பலிக்கும். இரண்டு செத்திருந்தால் விடியும்வரை மாற்றினாலும் எரியாது. பிளக்கைக் கழற்றிய நிலையில் மல்டிமீற்றர் வைத்துக் குமிழ் குமிழாகப் பார்ப்பதே சுருக்கமான வழி. எல்ஈடி என்றால் மீற்றரை டயோட் நிலையில் வைக்க வேண்டும்.

செத்த குமிழை வெட்டி எறிந்து வயரை முறுக்கிவிடுவது நம்மவரின் இன்னொரு கைவேலை. நான்கு குமிழ்களை அப்படி நீக்கினால் மிஞ்சிய 16 குமிழ்களும் ஆளுக்கு 14 வோல்ட்டுக்கு மேல் சுமக்க வேண்டும். அதிகமாகச் சூடேறி அவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பக்கத்தில் வைக்கோல் வேறு.

இவ்வளவையும் பையனுக்குச் சொல்லிவிட்டு வயரைத் தொடர்ந்துகொண்டே போனேன். அது பக்கத்துக் காம்பராவில், அவன் பெரியப்பா வீட்டு மீற்றர்ப் பெட்டியில் போய் முடிந்தது. தகரக் கூரையை உரசிக்கொண்டு வந்த மெல்லிய வயர் அது. பெட்டியிலிருந்த ட்ரிப் சுவிட்ச் மழை நாட்களில் அடிக்கடி விழுந்து தொல்லை கொடுத்ததாம். யாரோ அதைத் தவிர்த்து நேரடியாக இணைத்துக் கொடுத்திருக்கிறார். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காக்கும் கருவி அது. ஊவாவில் நத்தார் மழைக்காலத்திலேதான் வருகிறது. நனைந்த ஹோல்டர் கசியும், சுவிட்ச் விழும். தன் கடமையைச் செய்ததற்காக அதற்கு வேலைநீக்கம்!

அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ லயங்களுக்கு மின்சாரம் வந்ததே பிந்தித்தான். வீடு தோட்டத்துக்குச் சொந்தம், குடியிருப்பவர் சுவரில் கைவைக்க முடியாது. புதிய இணைப்புக்குக் கடிதம், கையொப்பம், அலைச்சல். கல்யாணம் முடித்த மகனுக்கு ஒரு விளக்கு வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு வயர்தான் கதி.

என் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. லயன் குடியிருப்பில் தீ என்று செய்தி வந்தால், "மின்னொழுக்கே காரணமெனச் சந்தேகிக்கப்படுகிறது" என்ற வாக்கியத்தைச் சேர்த்து அச்சுக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். எத்தனை தடவை என்பது நினைவில் இல்லை. ஒழுகியது ஏன், ட்ரிப் சுவிட்ச் இருந்ததா, வயர் போட்டு எத்தனை ஆண்டு, அதை மாற்றவேண்டியவர் யார் என்று ஒருமுறைகூட நான் நிருபரைத் திருப்பி அனுப்பிக் கேட்கச் சொன்னதில்லை. மின்னொழுக்கு என்றதும் மழையைப்போல, இடியைப்போல அது ஒருவருடைய பொறுப்பும் இல்லாத காரியமாகிவிடுகிறது. இன்று செய்தி அறைகளில் இருக்கும் தம்பி தங்கைகளாவது கேட்கட்டும். குடிலுக்குப் பரிசு கொடுக்கும் பங்குகளும், தீபாவளிக்குச் சோடனை செய்யும் கோயில் சபைகளும், மழைக்கு முன்பே ஒரு நல்ல வயர்மேனை லயத்துக்கு லயம் அனுப்பலாம். வருடத்துக்கொரு முறை வயரைச் சோதித்து, காம்பராவுக்கு ஒரு ட்ரிப் சுவிட்ச் போடும் செலவைத் தோட்ட நிர்வாகங்களே ஏற்க வேண்டும். அது சலுகையல்ல.

அன்று செத்திருந்தவை இரண்டு குமிழ்கள். மாற்றக் குமிழ் கிடைக்கவில்லை. குடிலுக்குள் பற்றரி விளக்கொன்றை வைத்தோம்; பையனுக்கு அதில் அவ்வளவு திருப்தியில்லை. ட்ரிப் சுவிட்சைத் திரும்ப இணைக்க ஆள் வருவதாகப் பெரியப்பா சொன்னார். தைப்பொங்கலுக்குப் போனபோதும் ஆள் வந்திருக்கவில்லை.