பளபளப்புக்குக் கீழே

காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் வீடு. அமெரிக்காவில் வாலி பயாம் 1930களில் அறிமுகப்படுத்திய ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரின் அலுமினிய உடம்புக்கு இன்றும் மவுசு குறையவில்லை. நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களை 1969-ல் தனிமையில் வைத்ததுகூட மாற்றியமைத்த ஏர்ஸ்ட்ரீம் ஒன்றில்தான். ஆனால் பழைய வண்டி வாங்குகிறவர் பளபளப்பில் சொக்கிவிடாமல் குனிந்து தரையைப் பார்ப்பது நல்லது.

தரை பிளைவுட். ஜன்னல் ஓரம், கூரைத் துவாரம், பின்பக்க இடுக்கு என்று எங்காவது கசியும் நீர் சுவருக்குள்ளேயே இறங்கிப் பலகையின் ஓரத்தை ஊறவைக்கிறது. அடியில் திணித்த கண்ணாடி இழை ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் காய்வதும் இல்லை. ஸ்குரூடிரைவரால் குத்தினால் வெண்ணெயில் போல இறங்கும். மேலே புது லினோலியம் விரித்து விற்றுவிடும் கெட்டிக்காரர்களும் உண்டு.

வம்பு இங்கேதான். அலுமினியக் கூடும் எஃகுச் சட்டமும் நடுவில் இந்தப் பலகையைக் கவ்விக்கொண்டுதான் போல்ட்டால் இணைந்திருக்கின்றன. ஓரம் இற்றுப்போனால் பின்பக்கத்தில் கூடு சட்டத்தைவிட்டுப் பிரியத் தொடங்கும். பின் பம்பரில் ஏறி லேசாகக் குதித்தால், பம்பர் மட்டும் ஆடிக் கூடு அசையாமல் நிற்கும்.

சிறு பொத்தல் என்றால் நன்றாகக் காயவைத்து எபாக்ஸி ஊற்றலாம். ஓரம் போயிருந்தால் உள்சுவரின் அடித்தகட்டைக் கழற்றி, துருப்பிடித்த போல்ட்டை அறுத்து, சட்டத்துக்குப் பெயின்ட் அடித்து, விளிம்பில் எபாக்ஸி பூசிய மரைன் பிளைவுட்டைத் துண்டு துண்டாக நுழைக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்பாக ஒரு வேலை: ஹோஸ் பைப்பால் கூரைமேல் நீரடித்துவிட்டு, டார்ச்சுடன் உள்ளே உட்கார்ந்து ஒழுகல் எங்கே என்று தேடுவது.