'நியர் மிஸ்' பாரத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு



நேற்று நம் பழைய மாணவர் குரூப்பில் ஒரு படம் வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்டில் வேலை செய்யும் நம் ஆரணிப் பையன் எழுதிக்கொடுத்த பாரம். தூக்குச் சங்கிலி நழுவி, இரும்புத் துண்டு அவன் தோளுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்திருக்கிறது. 'நியர் மிஸ்' பாரத்தில் எழுது என்றிருக்கிறார்கள். இவன் 'நத்திங் மிஸ்ஸிங் சார்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

எதற்கப்பா சிரித்தீர்கள்?

நியர் என்றால் பக்கத்தில். மிஸ்ஸிங் என்றால் காணோம். பக்கத்தில் ஏதாவது காணாமல் போனதா என்று கேட்கிறார்கள் என எடுத்துக்கொண்டான். தெரிந்த சொற்களை வைத்து ஒழுங்காகத்தான் கூட்டிப் பார்த்திருக்கிறான். விபத்து நடக்க இருந்து ஆள் தப்பியதற்கு அந்தப் பெயர் என்று அவனுக்கு யார் சொன்னது? 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வதில்லையா? அதுதானடா இது என்று ஒரு வார்த்தை போதும், பக்கம் முழுக்க எழுதியிருப்பான். விஷயம் ஏறாத பாரத்தால் எந்தச் சங்கிலியும் மாறாது. நாளைக்கு அதன் கீழே நிற்கப் போவதும் அவன்தான்.

என் பங்கும் இதில் உண்டு. 31 வருஷம் மரபுத்தொடர்களைப் போர்டில் எழுதி ஒப்பிக்க வைத்தவன் நான். 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' சொல்லாத பிள்ளை என் வகுப்பில் இல்லை. 2015 மழையில் ஆற்றில் வெள்ளம் வந்தபோதுகூட ஒருத்தரும் அதைச் சொல்லி நான் கேட்கவில்லை. மார்க் வந்தது. 'நியர் மிஸ்', 'டிரை ரன்', 'பாட்டில்நெக்' என்று ஷெட்டுக்குள் தினம் புழங்குவது எதுவும் என் போர்டில் ஏறவில்லை.

பக்கத்து வகுப்பில் தமிழய்யா இதே பிள்ளைகளுக்குக் குழூஉக்குறி நடத்துவார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், வெளியாளுக்குப் புரியாது. 'நியர் மிஸ்' அதே வகைதான். நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது, நான் எட்டிப் பார்க்கவில்லை.

'இங்கிலீஷ் மீடியமாக இருந்தால் தெரிந்திருக்கும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தெரிந்திருக்காது, தம்பி. 'அவனுக்கு வாய் நீளம்' என்றால் தமிழ் படிக்கும் வெள்ளைக்காரனும் ஸ்கேலைத்தான் தேடுவான். அவனை நாம் மக்கு என்போமா?

படத்தை முதலில் குரூப்பிலிருந்து எடுங்கள். சிப்காட்டில் பொறுப்பில் இருக்கிறவர்கள் நாளைக் காலை ஷிப்ட் ஆரம்பிக்கும்போது அந்தப் பாரத்தைத் தமிழில் விளக்குங்கள். அந்தச் சங்கிலியை மாற்றியாகிவிட்டதா என்று இன்று ராத்திரிக்குள் யாராவது எனக்கு போன் செய்யுங்கள்.

உங்கள் இங்கிலீஷ் சார்