அக்கா தங்கச்சி யாருக்கு?

பெண்கள் எல்லாரும் அக்கா தங்கச்சிகள்தான் என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் கேட்கத் தோன்றுகிறது: எந்த வீட்டு அக்கா, எந்த வீட்டுத் தங்கச்சி?

அமெரிக்கக் கல்லூரிகளில் 'சொராரிட்டி' என்று மாணவியர் சங்கங்கள் உண்டு. கிரேக்க எழுத்தில் பெயர், ரகசியச் சடங்கு, சத்தியம். சேர்ந்துவிட்டால் சாகிறவரை சகோதரிகளாம். இதற்குத் தாய்வீடு ஜார்ஜியா மாநிலம் மேக்கன் நகரத்து வெஸ்லியன் பெண்கள் கல்லூரி. 1836இல் சாசனம் பெற்றது. 1851 மே 15இல் யூஜினியா டக்கர் என்ற மாணவி ஐந்து தோழிகளோடு சேர்ந்து 'அடெல்ஃபியன்' சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷமே 'ஃபிலோமாத்தியன்' வந்தது. இன்றைக்கு நாடு முழுக்கக் கிளை விரித்திருக்கும் ஆல்ஃபா டெல்டா பை, ஃபை மியூ என்ற இரண்டும் இவைதான். 'ஒருவருக்காக ஒருவர் வாழ்கிறோம்' என்பது முதலாவதன் முழக்கம்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 1850ஆம் வருஷக் கணக்கெடுப்பைப் புரட்டினால் ஜார்ஜியாவின் 9 லட்சம் மக்களில் 3 லட்சத்து 81 ஆயிரம் பேர் அடிமைகள். அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது 1829இலிருந்தே அங்கே குற்றம். வெள்ளைப் பெண்கள் உட்கார்ந்து இலக்கியம் பேசச் சங்கம் கட்டிய அதே ஊரில், அதே வயசுக் கறுப்புப் பெண் எழுத்தைத் தொட்டால் அது சட்டமீறல். அவள் யாருக்குத் தங்கச்சி?

'அந்தக் காலம் அப்படி' என்பார்கள். சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். அதே வெஸ்லியனில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வகுப்பே தனக்குக் கூ க்ளக்ஸ் க்ளான் என்று பெயர் சூட்டிக்கொண்டது. இதற்கெல்லாம் கல்லூரி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2017இல். அலபாமா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். கறுப்பு மாணவி விவியன் மலோன் உள்ளே நுழையக்கூடாதென்று 1963இல் மாநில ஆளுநரே வாசலில் நின்று மறித்த இடம். அதற்குச் சரியாக 50 வருஷம் கழித்து, 2013இல், மாணவர் பத்திரிகை ஒன்று உண்மையைப் போட்டு உடைத்தது. நல்ல மதிப்பெண் வாங்கிய கறுப்பு மாணவியை வெள்ளைச் சொராரிட்டிகள் சேர்க்கவில்லை. உள்ளே இருந்த பிள்ளைகளில் சிலர் சேர்க்கலாம் என்றுதான் சொன்னார்கள். தடுத்தவர்கள் படித்துமுடித்துப் போன மூத்த சகோதரிகள்! 'சாகிறவரை சகோதரி' என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் இருக்கு: சாகிறவரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

கதவுக்கு வெளியே நின்றவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டார்கள். 1908 ஜனவரி 15இல் வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில், எத்தல் ஹெட்ஜ்மனின் முயற்சியில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பிறந்தது. அதிலிருந்த 22 பேர் இன்னும் வெளியே இறங்கி வேலை செய்யவேண்டும் என்று பிரிந்து 1913 ஜனவரி 13இல் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். ஏழே வாரம். மார்ச் 3இல் பெண்களின் வாக்குரிமைப் பேரணியில் போய் நின்றார்கள். அந்தப் பேரணியில்தான் ஐடா பி. வெல்ஸைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள் வெள்ளைச் 'சகோதரிகள்'. அவர் போகவில்லை. கூட்டத்துக்குள் நின்றிருந்து, இல்லினாய் மாநில அணி வந்ததும் அதற்குள்ளேயே நுழைந்து நடந்தார். 22 பேரில் ஒருவரான பெர்த்தா பிட்ஸ் கேம்ப்பெல் 1981இல், 92 வயதில், அந்த ஊர்வலத்தின் நினைவாக ஆயிரக்கணக்கான சகோதரிகளுக்கு முன்னால் நடந்தார்.

கமலா ஹாரிஸ் 2024இல் அதிபர் தேர்தலில் நின்றபோது நம்ம பத்திரிகைகள் துளசேந்திரபுரத்துக் கோயில் பூஜையைப் பக்கம் பக்கமாகப் போட்டன. தாயின் பூர்வீகம், தாத்தாவின் பெருமை. ஹோவர்டில் படித்தபோது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்த பெண் அவர், அந்தக் கறுப்புச் சகோதரிகள்தான் ஊர் ஊராக அவருக்காக வேலை செய்தார்கள் என்பது இவர்களுக்குச் செய்தியாகப் படவில்லை. படாது!

அதற்காக இந்தச் சங்கங்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடவேண்டியதில்லை. படித்த, வசதியான கறுப்புக் குடும்பத்துப் பெண்களின் கூடாரம், தோல் வெளுப்பைப் பார்த்துச் சேர்த்தார்கள் என்ற விமர்சனத்தைக் கறுப்பு மக்களே வைத்திருக்கிறார்கள். சேரவருகிற பெண்களைச் சடங்கின் பேரில் வதைக்கிற கொடுமையும் உண்டு. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் ஒதுக்குவது பேசாமல் விடக்கூடிய விஷயமில்லை.

ஆனால் 1935இல் நடந்ததையும் சொல்லவேண்டும். டாக்டர் டோரத்தி ஃபெரபீ தலைமையில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பெண்கள் மிசிசிப்பிக்குக் கிளம்பினார்கள். பருத்திக்காட்டுக் கறுப்புக் குத்தகைக் கூலிகளின் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடத்தான். பண்ணையார்கள் தங்கள் ஆட்களை முகாமுக்கு அனுப்ப மறுத்தார்கள். கூலிக்காரன் நாலு விஷயம் தெரிந்துகொண்டுவிடுவானோ என்ற பயம். இவர்கள் திரும்பிப் போகவில்லை. மருந்தையும் ஊசியையும் கார்களில் ஏற்றிக்கொண்டு பண்ணைக்குள்ளேயே போனார்கள். அம்மை, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் ஊசி போட்டார்கள். 1942 வரை கோடைக்குக் கோடை இது நடந்தது. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் ஒருத்தரும் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் கிடையாது. எந்தச் சொராரிட்டியிலும் பெயர் இல்லாதவர்கள்.